சதுரக் கோடுகளும் லயத்து வீடுகளும்

அல்ஜீரியா நாட்டில், அவுரெஸ் மலைத்தொடரின் வடக்குச் சரிவில் திம்காட் என்னும் பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் யாரோ கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தரையில் ஒட்டியது போல இருக்கும். ஒரே அளவில் கட்டங்கள், ஒரே நேராகத் தெருக்கள், நான்கு பக்கமும் சதுரம். மாமன்னர் திராஜன் கி.பி. 100-ஆம் ஆண்டில் இந்த நகரத்தை அமைத்தார். போரில் வெற்றி பெற்றதைக் கொண்டாடுவதற்காக அமைத்த நகரமில்லை இது. மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வீரர்கள் குடியிருக்க வீடும் பயிரிட நிலமும் கொடுப்பதற்காக அமைத்தது.

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவரான எனக்கு இந்தத் தவணை இந்நகரத்தின் வரைபடத்தைப் படிக்கும் வேலை வந்தது. படிக்கப் படிக்க, நான் பிறந்து வளர்ந்த ஆயர் தாவாரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் அமைப்பும் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டுமே எங்கோ இருந்த அதிகாரம் ஒரே மூச்சில் வரைந்து முடித்த ஊர்கள். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் இன்றுவரை நம் குடும்பங்களைப் பாதிக்கிறது.

தூக்குக்குண்டில் தொடங்கிய நகரம்

படிவம் ஒன்று வரலாற்றுப் பாடத்தில் ரோமானிய நாகரிகத்தைப் படித்திருப்பீர்கள். சாலை, நீர்ப்பாலம், சட்டம் என்று பட்டியல் போட்டிருப்போம். ஆனால் ரோமானியர் கைப்பற்றிய நாடுகளைத் தங்கள் வசம் வைத்திருக்க உதவிய முக்கியமான கருவி நில அளவைதான்.

‘குரோமா’ என்பது அவர்களுடைய அளவைக் கருவி. ஒரு கம்பத்தின் உச்சியில் கூட்டல் குறி போல ஒரு சட்டம் இருக்கும். அதன் நான்கு முனைகளிலும் தூக்குக்குண்டு தொங்கும். எதிரெதிர்க் கயிறுகளை ஒரே கோட்டில் பார்த்து நேர்கோடு போடுவார்கள். அடுத்த ஜோடிக் கயிறுகளைப் பார்த்தால் சரியான செங்கோணம் கிடைத்துவிடும். நம் ஊர்க் கொத்தனார் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் செய்யும் அதே வேலைதான். அவர்கள் அதை ஒரு நாடு முழுக்கச் செய்தார்கள்.

நகரத்தில் இரண்டு பெருந்தெருக்கள் முக்கியம். வடக்குத் தெற்காகப் போவது கார்டோ, கிழக்கு மேற்காகப் போவது டெகுமானுஸ். இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒட்டி ஃபோரம் என்ற பொதுச் சதுக்கம் இருக்கும். ஊர்மன்றம், வழக்கு மண்டபம், கோயில், கடை எல்லாம் அதைச் சுற்றி வரும். மற்றத் தெருக்கள் இந்த இரண்டு தெருக்களுக்கும் இணையாக ஓடும். இடையில் விழும் கட்டங்களுக்கு ‘இன்சுலா’ என்று பெயர். தீவு என்பதுதான் அதன் பொருள்.

ஊருக்கு வெளியே வயல்களையும் இப்படியே பிரித்தார்கள். ஒரு பெரிய கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 710 மீட்டர், பரப்பு சுமார் 50 ஹெக்டர். அந்தக் கட்டத்தைத் துண்டுகளாக்கிக் குடியேறியவர்களுக்குக் கொடுத்தார்கள். இலத்தீனில் ‘கொலோனியா’ என்ற சொல்லே உழவன் என்று பொருள்படும் ‘கொலோனுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் இன்று காலனி என்று சொல்லும்போது அதில் இருக்கும் உழவன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

திம்காட்டில் ஒரு நடை

திராஜன் அமைத்த சதுரத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 355 மீட்டர். ரோமானிய அளவில் சரியாக 1,200 அடி. பரப்பு 31 ஏக்கர். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஐந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். ஒவ்வொரு கட்டமும் சுமார் 20 மீட்டர் சதுரம். தெருக்களுக்குக் கல் பாவியிருக்கிறார்கள். அதன் அடியில் கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது.

வடக்கு வாசலிலிருந்து வரும் கார்டோ நகரத்தின் குறுக்கே முழுவதும் போவதில்லை. ஃபோரத்தை முட்டி நின்றுவிடும். ஆக, அந்த வழியாக ஊருக்குள் வருகிற எவரும் நேராகப் பொதுச் சதுக்கத்துக்குத்தான் வந்து சேருவார். ஃபோரத்துக்குத் தெற்கே சுமார் 3,500 பேர் உட்காரக்கூடிய அரங்கம் இருக்கிறது. ஒரு பொது நூலகமும் இருந்தது. ரொகாட்டியானுஸ் என்ற செல்வர் எழுதி வைத்த 4 லட்சம் செஸ்டர்ஸ் பணத்தில் அதைக் கட்டினார்கள். பாலைவன ஓரத்துச் சிற்றூரில் ஒரு நூலகம்! குளியல் மண்டபங்கள் மட்டும் 14 கண்டெடுக்கப்பட்டுள்ளன.

காலப்போக்கில் மக்கள் பெருகினார்கள். மதிலைத் தாண்டி வீடுகள் எழுந்தன. சதுரத்துக்கு உள்ளே நேர்கோடாக இருக்கும் தெருக்கள் வெளியே வளைந்தும் நெளிந்தும் போகின்றன. அளவைக்காரர் வரைந்தது எது, மக்களே வளர்த்துக்கொண்டது எது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகு ஊர் கைவிடப்பட்டு மணலில் புதைந்தது. 1881-இல் தொடங்கிய அகழாய்வு அதை மறுபடியும் வெளியே கொண்டுவந்தது. 1982 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ரோமானியர் தமிழகத்துக்கும் வந்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். வந்தார்கள், ஆனால் வணிகர்களாக. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானியக் குடுவைகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. அங்கே கார்டோவும் இல்லை, டெகுமானுஸும் இல்லை. நிலம் உள்ளூர்க்காரர்களிடமே இருந்தது. அளவைக் கயிற்றோடு வருகிறவனுக்கும் சரக்கோடு வருகிறவனுக்கும் இதுதான் வித்தியாசம்.

பாட்டி வரைந்த படம்

அளவைக் கயிறு நம்மிடமும் வந்தது. பேராக்கில் அது ஈயச் சுரங்கத்தோடும் ரப்பரோடும் வந்தது. ஈப்போவைப் பாருங்கள். 1892-இல் ஏற்பட்ட தீ விபத்தில் ஊரின் பெரும்பகுதி எரிந்த பிறகு பழைய பட்டணத்தின் தெருக்களை ஒழுங்குபடுத்திக் கட்டினார்கள். கிந்தா ஆற்றுக்குக் கிழக்கே யாவ் தெட் ஷின் என்ற ஈயச் செல்வர் புதுப் பட்டணத்தைக் கட்டங்கட்டமாக எழுப்பினார். ஆற்றுக்கு மேற்கே திடல், மணிக்கூண்டு, ஹப்பாக் வடிவமைத்த நகர மண்டபம், ரயில் நிலையம் ஆகியவை ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அதை ஈப்போவின் ஃபோரம் என்றே சொல்லலாம்.

தோட்டங்களின் திட்டத்தை இப்படிப் போய்ப் பார்க்க வழியில்லை. பெரும்பாலான லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அதனால் நான் என் பாட்டியைக் கேட்டேன். ஆயர் தாவாருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இன்று அந்த இடம் முழுக்கச் செம்பனை. ஒரு பெரிய தாளையும் பென்சிலையும் கொடுத்து, “பாட்டி, தோட்டத்த வரைஞ்சு காட்டுங்க” என்றேன்.

“எனக்கு என்ன கண்ணு வரையத் தெரியும்?” என்றவர், அரை மணி நேரத்தில் தாளை நிரப்பிவிட்டார்.

முதலில் அவர் போட்டது மேட்டில் இருந்த துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், தனித்தனியாக, முன்னால் பூச்செடியோடு. அதற்கும் கீழே ஆபீஸ். ஆபீசுக்கு முன்னால் பெரட்டுக் களம். பக்கத்தில் பால் ஸ்டோர். பிறகு ஒரு சாலை. சாலையின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக லயங்கள். இரண்டு லயத்துக்கு நடுவில் தண்ணீர்க் குழாய். கடைசி லயத்துக்கு அப்பால் ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், ஒரு திடல். இன்னும் தள்ளி, சாலை முடிகிற இடத்தில் கள்ளுக்கடை. எல்லாவற்றையும் சுற்றி நான்கு பக்கமும் ரப்பர் நிரை.

இதை ஒரு நகரத் திட்டமாகவே வாசிக்கலாம். திம்காட்டில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஃபோரம் பக்கத்தில்தான் இருக்கும். தோட்டத்தில் எல்லாப் பாதையும் பெரட்டுக் களத்துக்கு வந்து சேரும். விடிவதற்கு முன் அங்கே பெயர் கூப்பிடுவார்கள். காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் ஊரின் நேரமே மரத்தின் நேரமாக இருந்தது. ஃபோரத்தில் மக்கள் கூடி வழக்கும் வாணிபமும் பேசினார்கள். பெரட்டில் நின்றவர்களுக்கு வேலை சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

மேடு பள்ளத்துக்கும் அர்த்தம் இருந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் களம், ஸ்டோர், லயம் மூன்றும் தெரியும். காற்றும் வரும். கொசுவும் குறைவு. மலேரியா அப்போது சாதாரண விஷயமில்லை. 1901 முதல் கிள்ளானிலும் பிறகு தோட்டங்களிலும் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடிய வைத்துக் காய்ச்சலைக் குறைத்தார். லயத்தை எங்கே கட்டலாம், சுற்றி எப்படி வாய்க்கால் வெட்டலாம் என்பதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வந்த கணக்கு. பாட்டியின் படத்திலும் லயத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது.

பள்ளிக்கூடமும் கணக்கோடு வந்ததுதான். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொன்னது. இன்று நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் பேராக் மாநிலத்தில் இருப்பதற்கு இந்தத் தோட்டங்களும் ஒரு காரணம். தோட்டம் மறைந்த பிறகும் பல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்ற சொல் அப்படியே நிற்கிறது.

பாட்டி கோயிலை வரைந்த இடத்தில் மட்டும் கோடு நேராக இல்லை. லயத்து வரிசையிலிருந்து விலகி, ஒரு மரத்தடியில் கோணலாக இருந்தது. காரணம் கேட்டேன். “அது துரை கட்டுனது இல்லயே கண்ணு. நாங்க காசு சேர்த்துக் கட்டுனது. மரம் எங்க இருந்துச்சோ அங்க அம்மாள வச்சோம்” என்றார். திம்காட்டின் மதிலுக்கு வெளியே வளைந்த தெருக்களைப் போல, அந்தத் தாளில் மக்கள் தாமே வரைந்த பகுதி அதுதான்.

வீடு யாருக்குச் சொந்தம்?

படம் முடிந்ததும் லயத்தில் அவர் வீட்டைக் காட்டச் சொன்னேன். மூன்றாவது லயத்தின் தொங்கல் வீட்டில் விரலை வைத்தார்.

“இதுதான் உங்க சொந்த வீடா?”

“சொந்தமாவது! வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை நின்னா வீடும் நின்னுச்சு.”

மேலே சொன்ன பெரிய வித்தியாசம் இதுதான்.

திம்காட்டில் குடியேறிய முன்னாள் வீரர் தமக்குக் கிடைத்த நிலத்தின் உரிமையாளர். யாருக்கு எந்தத் துண்டு என்பதற்கு அரசாங்கப் பதிவு இருந்தது. பிரான்சின் ஓராஞ்ச் நகரத்தில் கி.பி. 77-ஆம் ஆண்டைச் சேர்ந்த நில அளவைப் படங்கள் பளிங்குக் கல்லில் செதுக்கப்பட்ட நிலையில் கிடைத்தன. கட்டம், அளவு, வரி எல்லாம் அதில் இருக்கின்றன. நாம் வீட்டு கிராண்ட் என்று சொல்கிறோமே, அதைக் கல்லில் வெட்டி ஊரார் பார்க்க வைத்திருந்தார்கள்.

ரோமானியரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நிலம் பெரும்பாலும் இன்னொருவரிடமிருந்து பறித்தது. பிரிட்டனில் இன்று கொல்செஸ்டர் எனப்படும் ஊரில் கி.பி. 49-இல் இப்படியொரு குடியேற்றம் அமைந்தது. வந்த வீரர்கள் அங்கிருந்த திரினோவாந்தி மக்களை வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் விரட்டியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸே எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளில் பூடிக்கா அரசியின் கிளர்ச்சி வெடித்தபோது முதலில் எரிந்தது அந்த நகரம்தான். நேர்கோடு போட்ட தெருவுக்குக் கீழே யாருடைய நிலம் இருந்தது என்ற கேள்வி எல்லாக் குடியேற்றத்துக்கும் பொருந்தும்.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1903-இல் சீனாவின் பூச்சோவ் பகுதியிலிருந்து வந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் சித்தியவானில் குடியேறினார்கள். அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ரப்பர் நட்டார்கள், பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில், அவசரகாலத்தின்போது, சுமார் 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். முள்வேலி, காவல் வாசல், ஊரடங்கு என்று கொடுமை நிறைந்த இடங்கள். ஆனாலும் அங்கே கட்டங்கட்டமாகப் பிரித்த மனைகள் இருந்தன. பல குடும்பங்கள் பிற்காலத்தில் அந்த மனைகளுக்குக் குத்தகை உரிமை பெற்றன. 1956-இல் பெல்டா வந்தது. குடியேறிகளுக்கு ஏறக்குறைய 10 ஏக்கர் நிலமும் வீட்டு மனையும் என்பது அதன் அடிப்படை.

அதே அவசரகாலத்தில் தோட்ட லயங்களையும் வேலிக்குள் ஒன்றாகச் சேர்த்தார்கள். வேலி வந்தது, மனை வரவில்லை. லயத்து வீடு கம்பெனியின் சொத்தாகவே இருந்தது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. பேராசிரியர் உங்கு அஸிஸ் இந்தத் துண்டாடலைப் பற்றி விரிவாக ஆய்வு செய்திருக்கிறார்.

இதற்கு ஒரு பதிலும் பேராக்கிலிருந்தே வந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பால் வெட்டியவர்கள் பங்குதாரர் ஆனார்கள். எல்லாத் தோட்டத்தையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ‘வேலை’, ‘வீடு’ என்ற இரண்டு சொற்களோடு ‘சொந்தம்’ என்ற சொல்லையும் சேர்த்து யோசித்த முயற்சி அது. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் 1970களிலிருந்து பேசப்படுகிறது. இன்றும் பேச்சு முடியவில்லை.

வீட்டுத் தரத்தில் சட்டம் தலையிட்டது உண்மைதான். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1966-இலும் 1990-இலும் சட்டங்கள் வந்தன. சுவர், தண்ணீர், கழிப்பறை எல்லாம் அதனால் மேம்பட்டன. ஆனால் தரமான வீடு வேறு, சொந்த வீடு வேறு. கட்டடக்கலை படிக்கிற நான் முதல் ஆண்டில் முன்னதைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டியின் படம் பின்னதைக் கேட்க வைத்தது.

நாம் வரைய வேண்டிய வரைபடம்

திம்காட் மணலில் புதைந்ததால் பிழைத்தது. நம் லயங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பலகையும் தகரமும் ஆன வீடுகள் சில வாரங்களில் காணாமல் போய்விடும். செம்பனை நட்ட பிறகு சாலையின் தடம்கூட மிஞ்சாது. பல இடங்களில் இன்று தனியாக நிற்பது கோயில் மட்டும். அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்குச் சான்று கேட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது? கோயில் நிலம், பள்ளி நிலம், சுடுகாட்டு நிலம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. ஒரு வரைபடம் கையில் இருந்தால் பேச்சு அதிலிருந்து தொடங்கும்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களும் இதைச் செய்யலாம். நான் செய்து பார்த்த வழி இது.

முதலில் வீட்டில் மூத்தவரிடம் ஒரு பெரிய தாளைக் கொடுங்கள். “தோட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் கதை வரும். “வரையுங்கள்” என்றால் இடம் வரும். இரண்டும் வேண்டும், ஆனால் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே தோட்டத்தில் இருந்த இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக வரையச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். எதை எல்லாரும் ஒரே இடத்தில் போடுகிறார்களோ அது உறுதி. எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே மறுபடியும் கேளுங்கள்.

அடுத்து, கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடுங்கள். கோயில், பள்ளி, பழைய சாலையின் வளைவு போன்ற மாறாத புள்ளிகளை வைத்துப் பாட்டியின் படத்தை அதன்மேல் பொருத்துங்கள். முடிந்தால் நேரில் போங்கள், ஆனால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு போங்கள். செம்பனைக்கு நடுவில் ஒரு மாமரமோ, முருங்கையோ, கறிவேப்பிலையோ தனியாக நின்றால் அங்கே ஒரு வீட்டின் கொல்லை இருந்திருக்கலாம். சிமெண்டுப் படி, கிணறு, வாய்க்கால் ஓரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் பேச்சுவழக்கில் சொன்னபடியே எழுதுங்கள். பெரட்டு, ஸ்டோர், தொங்கல் வீடு ஆகியவை நம் நகரத் திட்டத்தின் கலைச்சொற்கள்.

கடைசியாக, படத்தின் மூலையில் தேதியும், வரைந்தவர் அந்தத் தோட்டத்தில் இருந்த ஆண்டுகளும் இருக்கட்டும். ஒரு நகலைப் பள்ளி நூலகத்துக்கும் இன்னொன்றைக் கோயில் நிர்வாகத்துக்கும் கொடுங்கள். வரலாற்றுப் பாட இடுபணிக்கும் அது உதவும்.

ரோமானிய அளவைக்காரர்கள் தங்கள் ஊர்களைக் கல்லில் வரைந்து வைத்தார்கள். நம் ஊர்களின் வரைபடம் எழுபது எண்பது வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. என் பாட்டிக்கு இப்போது 78 வயது. வரும் விடுமுறையில் அவருடைய தோழிகள் இருவரையும் உட்கார வைத்து இரண்டாவது படத்தை வரையப் போகிறோம். கள்ளுக்கடை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் மூவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.